வாசல் போர்டுக்கு ஒரு வரி

ஜூன் 3, திங்கள்

ஜெராக்ஸ் மிஷினில் மறுபடியும் பேப்பர் சிக்கிக்கொண்டது. அதை நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் ஸ்டீபன் சார் பின்னால் வந்து நின்று, "வாசுகி, நமக்கு ஒரு விஷன் எழுதணும்மா. நீதான் டிகிரி முடிச்ச பொண்ணு" என்றார். சரி சார் என்றேன். யார் எது சொன்னாலும் என் வாயில் முதலில் சரிதான் வரும். என்ன கேட்டார் என்று அப்புறம்தான் யோசிப்பேன்.

விஷயம் இது. நிறையக் கிளைகள் உள்ள சென்னைக் கடை ஒன்று எங்கள் செண்பகா கிரைண்டர்ஸிடம் மாதம் நானூறு கிரைண்டர் வாங்கப் பார்க்கிறது. அதற்கு முன் 21ஆம் தேதி அவர்களுடைய ஆடிட்டர் கோயமுத்தூர் வந்து கம்பெனியைப் பார்ப்பார். அவர்கள் அனுப்பிய படிவத்தில் முப்பது கேள்விகள். பதினான்காவது: கம்பெனியின் தொலைநோக்கு வாசகம் தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியில் வாசலில் இருக்கிறதா? பதினைந்தாவது: எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் அதைச் சொல்வாரா? பதினாறாவது: அதை நடைமுறைப்படுத்த எடுத்த மூன்று நடவடிக்கைகள் என்ன?

என் ஆறு மாத டிரையல் இந்த மாதத்தோடு முடிகிறது. "ஆடிட் நல்லபடியா முடிஞ்சா உன் பர்மனன்ட் லெட்டரை நானே டைப் பண்றேன்" என்றார் சார். வழக்கமாக அவருடைய எல்லா லெட்டரையும் நான்தான் டைப் பண்ணுகிறேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"விஷன்னா என்ன கண்ணு?"

"பத்து வருசம் கழிச்சு கம்பெனி எப்படி இருக்கோணும்னு ஒரு வரி."

"அதுக்கு ஜோசியருகிட்டல்ல போகோணும்" என்று சொல்லிவிட்டு, வாளியில் சுடுதண்ணீர் ஊற்றிக் கல் உப்பைப் போட்டுக் காலை விட்டுக்கொண்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

மற்ற கம்பெனிகளின் வாசகங்களை இன்டர்நெட்டில் நாற்பது வரை படித்தேன். பம்ப் செட், பனியன், ஆஸ்பத்திரி, சிமெண்ட் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போகப் பார்க்கிறார்கள். எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்று எழுதினேன்: "உலகத் தரத்தையும் புதுமையையும் இணைத்து, வாடிக்கையாளர் மகிழ்ச்சியின் வழியே, நீடித்த வளர்ச்சியில் முன்னணி நிறுவனமாகத் திகழ்வது." ஸ்டீபன் சார் இரண்டு முறை படித்து, "அட" என்றார்.

பேச்சோடு பேச்சாக, "உங்க அம்மா என்னம்மா பண்றாங்க?" என்று கேட்டார். "வீட்லதான் சார்" என்றேன்.

அப்புறம் ஜெராக்ஸ் மெக்கானிக் வந்தார். ரோலர் மாற்ற வேண்டுமாம்.

அம்மா இதே கம்பெனியில் கீழே பேக்கிங்கில் இருக்கிறாள். பதினோரு வருடமாக. நான் சேர்ந்த அன்று பஸ் ஸ்டாப்பில் அவளே சட்டம் போட்டாள்: "கம்பெனிக்குள்ள என்னைய அம்மான்னு கூப்புடாத. மேல இருக்கறவங்க உன்னைய மதிக்கோணும்." அதனால் உள்ளே அவள் மயிலாக்கா. எல்லோரையும் போல நானும் "மயிலாக்கா, ஸ்டாக் எத்தனை?" என்று கேட்பேன். அவள் "நாப்பத்தி ரெண்டுங் அம்மணி" என்பாள். ஒரே பஸ், ஆளுக்கொரு வாசலில் இறங்கிக்கொள்வோம். எனக்கு இதில் ஒன்றும் இல்லை. அம்மா போட்ட சட்டம்.

ஜூன் 6, வியாழன்

இன்று டெஸ்ட் நாள். இருபத்தைந்து கிரைண்டருக்கு ஒன்று என்று ஃபோர்மேன் ஆறுச்சாமி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுவார். அதில் நிஜமாகவே அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டுவார்கள். மோட்டார் சூடாகிறதா, கல் சத்தம் போடுகிறதா, உளுந்து பொங்குகிறதா என்று எல்லாம் பார்த்த பிறகு அந்த மாவு தொழிலாளிகள் வீட்டுக்குப் போகும். யாருக்கு எந்த நாள் என்று 'மாவு முறை' பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கும். அதை டைப் பண்ணுவதும் நான்தான். சம்பளப் பட்டியலில் தப்பு இருந்தால்கூடப் பொறுத்துப் போவார்கள். மாவு முறையில் ஒரு பெயர் மாறினால் படியேறி வந்துவிடுவார்கள்.

இன்றைக்கு அம்மா முறை. தூக்குப்போசி நிறைய மாவு.

ஜூன் 7, வெள்ளி

பேக்கிங் நூர்ஜகான் அக்கா பில் கொடுக்க மேலே வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தார். "இட்லி பூவாட்ட வந்துருக்குது. நல்ல மாவு" என்றார். சிரித்துக்கொண்டே போனார். ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

ஜூன் 8, சனி

இந்த நாளை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

வாசகத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடு என்று ஸ்டீபன் சார் என்னைக் கீழே அனுப்பினார். பேக்கிங் பெண்கள் ஒன்பது பேர், அசெம்பிளியிலும் வெல்டிங்கிலும் பத்துப் பேர். பத்தொன்பது முகங்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன. உதடு அசைந்திருக்கும், சத்தம் வந்ததாகத் தெரியவில்லை.

"கண்ணு, மோட்டாரு ஓடுது, பெல்ட்டு சுத்தல" என்றார் நூர்ஜகான் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பேப்பரை ஆறுச்சாமி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். "உலகத் தரம்..." என்று ஆரம்பித்து மூன்று பேர் அதற்கு மேல் போகவில்லை.

"உலகத் தரம், ஒரு தரம், ரெண்டு தரம்" என்றார் நூர்ஜகான் அக்கா. "ஏலம் விடறதுக்கா அம்மணி வர்றாங்க சென்னையில இருந்து?"

முதலாளி கனகசபாபதி ஐயா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். "நாளைக்கே நான் கிரைண்டர உட்டுப்போட்டு செருப்புக் கடை வெச்சாலும் இதையே மாட்டிக்கலாம்."

ஜூன் 10, திங்கள்

எனக்குப் பேசத்தான் வராது. கேள்வி எழுத வரும். ஒரு நோட்டின் முதல் பக்கத்தில், "பத்து வருடம் கழித்து நம் கம்பெனியால் என்ன நடந்திருக்க வேண்டும்? பெயர் போட வேண்டாம்" என்று எழுதி, ஒரு பேனாவையும் நூலில் கட்டி, மாவு முறைப் பட்டியலுக்குக் கீழே தொங்கவிட்டேன். அங்கே எல்லோரும் தினமும் வந்து பார்ப்பார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

அப்பா கேரளாவிலிருந்து லாரியோடு வந்து ஒரு பலாப்பழம் இறக்கிவிட்டு மறுபடி லோடு ஏற்றப் போய்விட்டார். வீடெல்லாம் வாசனை. நோட்டைப் பார்க்கப் போகவில்லை. பயம்.

ஜூன் 12, புதன்

பதினான்கு பேர் எழுதியிருக்கிறார்கள்.

"கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரம். இப்படிக்கு வாட்ச்மேன்." (பெயர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.)

"ரிப்பேருக்குத் திரும்பி வரும் கிரைண்டர் ஒன்றும் இருக்கக் கூடாது."

"என் மகள் டாக்டர் ஆகியிருக்க வேண்டும். இதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்."

"மாவு முறையில் மாதம் இரண்டு தடவை வர வேண்டும்."

அதற்குக் கீழே, கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், கோடு தாண்டி: "மாவு ஆடுர நேரம் அந்த வீட்டு பொம்பள கால நீட்டி உக்காந்து இருக்கனும்."

அந்தச் சாய்ந்த எழுத்தை எனக்குத் தெரியும். மளிகைச் சீட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

பலாச்சுளை உரிக்கும்போது அம்மாவிடம் பட்டும் படாமல் கேட்டேன். "நோட்டுல ஒருத்தரு கால் நீட்டறதப் பத்தி எழுதியிருந்தாங்க."

"யாரோ கால் வலிக்காரியா இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "எட்டாவது முடிச்சதும் ஒரு மெஸ்ஸுல என்னைய ஆட்டுக்கல்லுல போட்டாங்க. ஒரு கையில குழவி, ஒரு கையில மாவத் தள்ளோணும், கல்லுக்கு ரெண்டு பக்கமும் கால மடிச்சு வெச்சுக்கோணும். உடம்புல சும்மா இருக்கற எடமே இருக்காது. மூணு வருசம். அப்பறம் ஒரு நாளு அந்தம்மா கிரைண்டரு வாங்குனாங்க. சுவிச்சப் போட்டுட்டு, எதுக்கால சேர் போட்டுக் கால நீட்டி உக்காந்தாங்க பாரு. எனக்கு அன்னையோட வேல போச்சு."

"அழுதியா?"

"எதுக்கு அழுகோணும்? வெளிய வந்து மதகு மேல நானும் கால நீட்டி உக்காந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

ஜூன் 13, வியாழன்

இரவல் வாசகத்தை ஒரு பேப்பரிலும் இதை இன்னொரு பேப்பரிலும் டைப் பண்ணினேன். எழுத்துப்பிழையைத் திருத்தி, முன்னால் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்: "பத்து வருடத்தில், எங்கள் கிரைண்டர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், மாவு ஆடும் நேரத்தில் அந்த வீட்டுப் பெண் கால் நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்."

ஸ்டீபன் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இது விஷனா? சோம்பேறித்தனம்மா. ஆடிட்டர் சிரிப்பாங்க."

சரி சார் என்றேன். ஆனால் இரண்டு பேப்பரையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போகும் ஃபைலில்தான் வைத்தேன்.

முதலாளி ஐயா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, இரண்டாவதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மேஜையில் ஸ்பீக்கர். வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கம் அவருடைய வீட்டம்மா, "இத உங்க கம்பெனியில எழுதுனாங்களா? நெசமாவா?" என்றார். "நீங்க எழுதியிருக்க மாட்டீங்க, அது தெரியுது."

ஐயா போனை வைத்தார். "இதையே போட்டுருங்க ஸ்டீபன்" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

இந்தத் தடவை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆறுச்சாமி அண்ணன் ஒரு தடவை வாசித்தார். எல்லோரும் அவரவர் பாஷையில் சொன்னார்கள். வாட்ச்மேன்கூடச் சொன்னார். அம்மா டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குக் கம்பெனிப் பெயர் போட்ட டேப்பைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் நூர்ஜகான் அக்கா கேட்டார். "கிரைண்டரு வாங்கற பொம்பள கால நீட்டி உக்காரோணும். சரி. அதப் பொட்டியில போடற பொம்பள?"

யாரும் சிரிக்கவில்லை. பேக்கிங்கில் எட்டரையிலிருந்து ஐந்தரை வரை நின்றுதான் வேலை. சாப்பாட்டு நேரம் தவிர உட்கார ஒரு பலகைகூட இல்லை. ஆறு மாதமாகத் தினமும் கீழே போய் ஸ்டாக் எடுக்கிறேன். அங்கே உட்கார எதுவும் இல்லை என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் சரியில்லை. வீட்டில் தினமும் அந்த வாளியைப் பார்க்கிறேன்.

"ஆடிட் முடியட்டும் நூர்ஜகான், அப்புறம் பேசலாம்" என்றார் ஸ்டீபன் சார்.

ஜூன் 15, சனி

பெயின்டர் தம்பிதுரையிடம் போர்டுக்கு வாசகம் கொடுத்தாயிற்று. கோயில் போர்டும் பஸ் போர்டும் எழுதுகிறவர். எழுத்து அழகாக இருக்கும் என்று முதலாளி சொன்னார்.

ஆடிட் படிவத்தையும் முடித்து அனுப்பிவிட்டோம். பதினாறாவது கேள்விக்கு மூன்று நடவடிக்கைகள் எழுதினேன். ஒன்று, ஒவ்வொரு இருபத்தைந்திலும் ஒன்றை நிஜ மாவு ஆட்டிச் சோதிக்கிறோம். இரண்டு, ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு கிரைண்டருக்கும் காரணம் எழுதி வைக்கிறோம். மூன்று, எங்கள் பேக்கிங் பெண்கள் உட்கார்ந்து வேலை செய்ய ஒன்பது ஸ்டூல்கள் போட்டிருக்கிறோம்.

ஸ்டீபன் சார் ஊருக்குப் போகும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மூன்றாவது வரி எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வேகமாக டைப் பண்ணும்போது சில சமயம் அப்படித்தான்.

ஜூன் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு தடவை சோற்றில் உப்புப் போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத் லீவு. இன்று நூர்ஜகான் அக்கா கொண்டுவந்த பிரியாணியை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டீபன் சாரின் கம்ப்யூட்டரில் சென்னையிலிருந்து பதில் வந்தது. மூன்றாவது நடவடிக்கை மிகவும் பிடித்திருக்கிறதாம். வரும்போது முதலில் அதைத்தான் பார்க்கப் போகிறார்களாம்.

"வாசுகி."

"சார்."

"எந்த ஒன்பது ஸ்டூல்?"

நான் பிரியாணித் தட்டைக் கீழே வைத்தேன்.

"கையெழுத்து என்னுதும்மா. இல்லாததை இருக்குன்னு சொன்னா ஆர்டரே போயிடும். உன் லெட்டரை விடு, என் வேலையே நிக்காது."

"இன்னும் மூணு நாள் இருக்குது சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "இருக்கற மாதிரி பண்ணிட்டா பொய் இல்லீங்களே."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். படிவத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மணி, வாயத் தொறக்காத புள்ளைன்னல்ல நெனச்சேன்" என்றார். ஆறுச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு, மூன்று நாளில் ஒன்பது ஸ்டூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பேக்கிங் மேஜை உயரம். கடை ஸ்டூல் எதுவும் அந்த உயரத்துக்கு வராது.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம கிரைண்டரு ஸ்டாண்டு இருக்குதுங்களே. முப்பது கிலோக் கல்லோட ஆடற மிஷினையே தாங்குது. ஆளத் தாங்காதுங்களா?"

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பெயின்டர் தம்பிதுரை போன் பண்ணினார். "அம்மணி, போர்டு முடிஞ்சுது. அடியில எடம் இருக்குது. உபயம் யாரு பேருங்க?"

கோயில் டியூப்லைட் முதல் தண்ணீர்ப் பந்தல் வரை எழுதி எழுதி அவருக்கு அது பழக்கம். உபயம் இல்லாமல் ஒரு போர்டு முடியாது. இது கம்பெனி போர்டு, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஸ்டாப்பின் அந்தக் கோடியில் அம்மா ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு பெயர் சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

ஜூன் 20, வியாழன்

வெல்டிங் புகை நாள் முழுக்க. ஸ்டாண்டின் காலை உயர்த்தி, மேலே பிளைவுட் வைத்து, கிரைண்டருக்கு அடியில் போடும் ரப்பர் புஷ்ஷையே காலுக்குப் போட்டிருக்கிறார்கள். ஆடவில்லை. ஆறுச்சாமி அண்ணன் டெஸ்ட் பண்ணாமல் விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டு, வாட்ச்மேனை அரை மணி நேரம் அதில் உட்கார வைத்தார். வாட்ச்மேன் தூங்கிவிட்டார். பாஸ்.

ஜூன் 21, வெள்ளி

இன்றைக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஆடிட்டர் கோமளா மேடம் பத்து மணிக்கு வந்தார். வயது நாற்பது இருக்கும், முதுகில் பை. தம்பிதுரை ஒன்பதே முக்காலுக்குத்தான் போர்டைக் கொண்டுவந்து மாட்டினார். யாரும் முழுதாகப் படிக்க நேரம் இருக்கவில்லை. மேடம்தான் முதலில் படித்தார். மஞ்சளில் சிவப்பு எழுத்து. மேலே பிள்ளையார் சுழி. நடுவில் வாசகம். கடைசியில் சின்ன எழுத்தில்:

உபயம்: ப. மயிலாத்தாள், பேக்கிங்.

"விஷனுக்கு உபயமா?" என்றார் மேடம். "இருநூறு கம்பெனி பார்த்திருக்கேன். இது புதுசு." ஸ்டீபன் சார் தம்பிதுரையைத் தேடினார். அவர் அதற்குள் சைக்கிளில் போய்விட்டார்.

"மயிலாத்தாள் யாரு?"

பேக்கிங்கில் ஒன்பது பேரும் ஸ்டூலில் இருந்தார்கள். மேடத்தைக் கண்டதும் அம்மா பழக்கத்தில் எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கம்மா. வாசல்ல இருக்கற வரி உங்களுதா?"

"எனக்கு என்னங்க தெரியும்" என்றாள் அம்மா. உட்காரவும் இல்லை. "மேல இருக்கற அம்மணிதான் எழுதுச்சு. படிச்ச புள்ள."

மேடம் என் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். பத்தொன்பது முகம், முதலாளி, ஸ்டீபன் சார். அம்மா கண்ணாலேயே, வேண்டாம் என்றாள்.

"நான் பிழை திருத்துனதோட சரிங்க மேடம்" என்றேன். "எழுதுனது அவங்கதான். எங்கம்மா."

"அப்பாடா" என்றார் நூர்ஜகான் அக்கா. "ஆறு மாசமா வாயக் கட்டிட்டு இருந்தோம். மயிலாக்காவுக்கு மாவு முறை வந்தா அடுத்த நாளு மேல இட்லி வாசம் வருது. இதக் கண்டுபுடிக்க டிகிரி வேணுமா?"

அசெம்பிளியில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "அப்ளிகேசன்ல அட்ரஸ் ஒண்ணுதானே அம்மணி" என்றார் முதலாளி. தெரியாதவர் ஸ்டீபன் சார் ஒருவர்தான். "வீட்ல இருக்காங்கன்னியேம்மா" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் அவர் இல்லை.

மேடம் ஒரு ஸ்டூலைக் குனிந்து பார்த்தார். வெல்டிங் தழும்பைத் தொட்டார். "புதுசா இருக்கே. எப்ப போட்டீங்க?"

ஸ்டீபன் சார் வாயைத் திறந்தார்.

"நேத்துத்தாங்க" என்றாள் அம்மா. "எழுதுனதுக்கு அப்பறந்தான் எல்லாருக்கும் உறைச்சுது."

மேடம் குறித்துக்கொண்டார். "அதுக்குத்தான் எழுதச் சொல்றோம்" என்றார்.

ஜூன் 22, சனி

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். குறை ஒன்றே ஒன்று: தீயணைப்பு வாளியில் மணல் இல்லை, அவரைச் செடி இருக்கிறது. வாட்ச்மேன் விதைத்தது. மரம்தான் கேட்டார், அதுவரைக்கும் என்று அவரை விதை போட்டாராம்.

"ஒண்ணாந்தேதி லெட்டர் வாங்கிக்க" என்றார் முதலாளி. "இனிமே மூணாவது வரி வந்துச்சுன்னா, எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு டைப் பண்ணு."

ஸ்டீபன் சார் லெட்டரை ஒரு விரலில் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார். முடிய ஒன்றாம் தேதி ஆகிவிடும்.

சாயங்காலம் அம்மாவும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். ஒரே வாசலில் இறங்கினோம். "கம்பெனிக்குள்ள அம்மான்னு கூப்புடாதன்னு சொன்னேனா இல்லியா" என்று ஸ்டாப்பிலிருந்து வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாள். வாளியை எடுக்க மறந்துவிட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

வாரத்துக்கு மாவு ஆட்டும் நாள். எங்கள் வீட்டுக் கிரைண்டர், உடம்பு நசுங்கியதால் கம்பெனியில் கழித்துவிட்ட ஒன்று, ஓட்டத்தில் குறையில்லை. வழக்கமாக உளுந்து ஆடும்போது அம்மா பாத்திரம் கழுவுவாள், இல்லையென்றால் அடுப்பைத் துடைப்பாள்.

"நீ போய் உக்காரு" என்றேன்.

"ஆரு மாவத் தள்ளி உடறது?"

"நான்தான்."

நம்பாமல் பார்த்தாள். பிறகு சுவரோரம் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சப்பணம் போட்டிருந்தாள். அப்புறம் ஒரு காலை நீட்டினாள். அப்புறம் இன்னொன்றை. பத்து வருடத்தில் என்று சென்னைக்கு எழுதியிருந்தோம்.

"தண்ணி கொஞ்சமா தெளி" என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "படிச்சு என்ன பண்றது, மாவு தள்ளத் தெரியல."

தெளித்தேன். உளுந்து பொங்கி வந்தது.